அரசர் இறக்காத புல்வெளி

சேவருவின் புல்வெளியில் ஒரே காலைப்பொழுது இருபது ஆண்டுகள் நீடித்தது. ஆற்றங்கரையில் ஏழு ஏக்கர் பரப்புள்ள அந்த நிலத்தில் சூரியன் ஆல்டர் மரங்களுக்கு மேலே ஓர் ஈட்டி உயரத்தில் நின்றது. அதற்கு மேல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் கோடையோ அறுவடையோ எதுவாக இருந்தாலும், வேலியைத் தாண்டிக் கால் வைத்தவர்களின் காதுமடலை ஜனவரி மாதக் குளிர் வந்து கடித்தது. உறைபனி படிந்த புல்லை மாடுகள் மேய்ந்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், புல் மேயப்படாமல் அப்படியே இருந்தது. ஊரார் முதலில் வியந்தார்கள், பிறகு பழகினார்கள், அதன்பின் வெயில் காலத்தில் வெண்ணெய்ச் சட்டிகளை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். புல்வெளியின் மறுகோடியில், ஆற்றுப்பாதைக்குப் போகும் மரக்கதவின் அருகே ஏழு ஆண்கள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சு வெண்புகையாகத் தலைக்கு மேலே நின்றது. அந்த ஏழு பேரில் நடுவில் நின்றவன் சேவருவின் கணவன் வுல்மார்.

நடந்தது இதுதான். கிறிஸ்துமஸ் காலத்தில் திருமணம் செய்துவைக்கக் கூடாது என்று பாதிரியார் லிவிங் மறுத்தார். ஒரு கொழுத்த வாத்து அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சம்மதித்தார். திருமணத்துக்கு மறுநாள் விடிந்ததும் கணவன் மனைவிக்குக் காலைக் கொடை கொடுப்பது சசெக்ஸ் நாட்டு வழக்கம். அப்படிக் கொடுத்தது அவளுக்கே சொந்தம். கணவனும் அதில் கை வைக்க முடியாது. வுல்மார் ஆறு சாட்சிகளை அழைத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனான். புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டிச் சேவருவின் கையில் வைத்தான். ஏழு ஏக்கரும் இனி அவளுடையது என்றான். மண்கட்டியை அடுப்படியில் வைப்பதற்காக அவள் வீட்டை நோக்கி ஓடிய அந்த நேரத்தில் தேவாலய மணி ஒலித்தது. மணிக்கயிற்றை யாரும் தொடவில்லை. மணி தானாகவே அடித்தது. நூறு கல் தொலைவில் கிழவரான அரசர் அன்று காலை உயிர்விட்டிருந்தார். செய்தியைச் சுமந்த குதிரைக்காரன் ஊருக்குள் வந்தது மறுநாள்தான்.

அரசர் இறந்தால் அவர் காத்த அமைதியும் அவரோடு இறந்துவிடும் என்பது சட்டம். ஆகவே கூவுபவன் ஒருவன் ஒவ்வொரு நிலத்தின் எல்லையிலும் நின்று, அரசர் இறந்தார் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அவன் எல்லா எல்லைகளிலும் சொன்னான். சேவருவின் புல்வெளியில் மட்டும் சொல்லவில்லை. காலைக் கொடையாக வந்த நிலத்துக்குள் நாற்பது நாட்கள்வரை சாவுச் செய்தியைக் கொண்டுபோகக் கூடாது என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. நாற்பதாம் நாள் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான். அவன் நினைத்ததில் குற்றமில்லை. ஆனால் செய்தி எட்டாத நிலத்தில் நாள் நகரவில்லை. நாள் நகராத இடத்தில் நாற்பதாம் நாள் எப்படி வரும்?

மணியோசை கேட்டுக் கதவருகே நின்ற ஏழு பேரும் தேவாலயத்துக்குப் போனார்கள். அங்கேயே நிற்கவும் செய்தார்கள். போன வுல்மார் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், உழுதான். ஒரு நாள் மனைவியோடு புல்வெளிக்கு வந்து தன் முதுகைத் தானே பார்த்தான்.

"எனக்கு இவ்வளவு பெரிய முதுகா? சட்டை ஏன் பத்தலைன்னு இப்பத்தான் தெரியுது."

"கூப்பிட்டுப் பாப்போமா?" என்றாள் சேவரு.

"கூப்பிடாதீங்கம்மா," என்றார் கூட வந்திருந்த பாதிரியார். "திரும்பினா மணி எதுக்கு அடிக்குதுன்னு கேப்பான். பதில் சொன்னா கட்டுப்பாடு மீறின மாதிரி. சொல்லாட்டி வீட்டுக்கு வந்துருவான். ஒரு வுல்மாருக்கே உங்க வீட்ல மாவு பத்தலை."

அந்த ஆண்டு நாட்டுக்கு நான்கு பேர் உரிமை கொண்டாடினார்கள். பெரும் பிரபு ஒருவர், சாகும் தறுவாயில் கிழவர் தம் கையைத் தொட்டு நாட்டை ஒப்படைத்தார் என்று சொல்லி, மறுநாளே முடிசூடிக்கொண்டார். கடலுக்கு அப்பாலிருந்த நார்மன் கோமகன், அந்த நாடு தமக்கு எப்போதோ வாக்களிக்கப்பட்டது என்றார். வடகடல் அரசர் ஒருவர் பழைய உடன்படிக்கை ஒன்றைத் தேடி எடுத்தார். கிழவரின் இரத்த உறவுள்ள இளவரசன் ஒருவனும் இருந்தான். வயது போதாததால் அவனிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. ஒன்பது மாதங்கள் கழித்து, அக்டோபரில், வுல்மாரும் அந்த ஆறு பேரும் கோடரிகளை எடுத்துக்கொண்டு முடிசூடிய அரசரின் பின்னால் ஒரு குன்றுக்குப் போனார்கள். அந்தக் குன்றிலிருந்து அரசரும் திரும்பவில்லை, அவர்களும் திரும்பவில்லை. நார்மன் கோமகன் அரசரானார். இடையில் ஆட்சி செய்தவர் அரசரே அல்லர் என்று புதியவர்கள் முடிவு செய்ததால், ஆவணங்களில் அந்த ஒன்பது மாதங்கள் இல்லாமற்போயின. சேவருவுக்கு எஞ்சியது ஒரு முதுகு. அவள் நாள்தோறும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். நாற்பது நாள் முடியாத நிலத்தில் சாவைச் சொல்லக் கூடாது என்பதால், ஒருத்தியும் கூப்பிடவில்லை.

ஊர் தர்ஸ்தேன் என்னும் நார்மன் வீரருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் கெட்டவர் அல்லர். சூடான கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஆங்கிலம் பேசுவார். அவருடைய குதிரைகள் அந்த வேலியைத் தாண்ட மறுத்ததால், பத்தொன்பது ஆண்டுகள் புல்வெளியைக் கண்டுகொள்ளாமல் இருந்தார். பிறகு ஆடுகள் வாங்கினார். ஆடுகள் மறுக்கவில்லை, குறையாத புல்லைத் தின்று திரும்பின. அதே ஆண்டில், நாட்டிலுள்ள ஒவ்வொரு நிலமும் யாருடையது என்று எழுதும்படி புதிய அரசர் ஆணையிட்டார். எழுத்தர்கள் ஊர் ஊராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கிழ அரசர் உயிரோடிருந்து இறந்த அந்த நாளில் இந்த நிலம் யார் கையில் இருந்தது?

ஈஸ்டர் முடிந்த மூன்றாம் வாரத்தில் அன்செர் என்ற எழுத்தர் வந்தார். அவருக்கு ஜலதோஷம். தேவாலய வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். பாதிரியார் லிவிங் மொழிபெயர்த்தார். தர்ஸ்தேன் சுருக்கமாகப் பேசினார்: புல்வெளி வுல்மாருடையது, வுல்மார் நம் அரசரை எதிர்த்துக் குன்றில் நின்றவன், எதிர்த்து நின்றவர்களின் நிலம் எங்களுக்குத்தான். சேவரு எழுந்து, அது வுல்மாருடையது அன்று, தன்னுடைய காலைக் கொடை என்றாள். எழுத்தர் சாட்சி கேட்டார்.

"ஆறு பேர் இருக்காங்க," என்றாள்.

"எங்கே?"

"புல்வெளியிலதான் நிக்கிறாங்க. வந்து பாருங்க."

எழுத்தர் போய்ப் பார்த்தார். வேலியைத் தாண்டியதும் மூன்று முறை தும்மினார். சூரியன் இருந்த இடத்தையும் நிழல்களின் நீளத்தையும் கவனித்துவிட்டு, குறிப்பிட்ட நாள் இன்னும் அங்கேயே இருப்பதால் விசாரணை எளிதாக முடியும் என்று மகிழ்ந்தார். ஆனால் முதுகுகளின் வாக்குமூலம் செல்லாது. அவர்கள் திரும்பி, வாயைத் திறந்து, செவிபடச் சொல்ல வேண்டும். நாளைச் சூரியன் மறைவதற்குள் சொன்னால் சேவருவின் பெயர். இல்லையென்றால் தர்ஸ்தேனின் பெயர். எந்தச் சூரியன் என்று பாதிரியார் கேட்டார். வேலிக்கு வெளியே இருப்பது என்று எழுத்தர் தெளிவுபடுத்தினார். நிலம் கைக்கு வந்ததும் சுற்றிலும் உயரமாக வேலி கட்டி நாய்களை விடப்போவதாகத் தர்ஸ்தேன் சொன்னார். தம் வீட்டில் சேவரு பால் கறந்து பிழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதை அவர் கருணையோடுதான் சொன்னார்.

மறுநாள் முற்பகலில் சேவரு ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனபோது, துன்னா முன்பே வந்து கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஆறு சாட்சிகளில் ஒருவனான ஹார்டிங்கின் மனைவி அவள். ஊரில் அவளுடைய நாக்குக்கு எதிரே நிற்க நார்மன்களும் துணிவதில்லை.

"நீ வாயத் தொறந்தே, நாக்க இழுத்து வெச்சு அறுத்துப்புடுவேன்," என்றாள் துன்னா. "உன் ஆளு மட்டுமா அங்க நிக்கிறான்? என் ஆளுந்தான். கூப்பிட்டா பொழுது நகந்துடும். நகந்தா அவனுங்க கெளம்பிடுவானுங்க."

"கூப்பிடலைன்னா அந்த ஆளு வேலி கட்டிடுவாண்டி. அப்புறம் முதுகக்கூடப் பாக்க முடியாது."

"எட்டிப் பாத்துக்கறேன்."

"உன் உயரத்துக்கா?"

துன்னா துணியைக் கல்லில் ஓங்கி நான்கு முறை அடித்தாள். பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு, ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஹார்டிங் மூஞ்சி மறந்துபோச்சுடி," என்றாள். "இருபது வருஷமா முதுகத்தான பாக்கறேன். மூக்கு எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சா, உன் புருஷன் மூக்குதான் ஞாபகத்துக்கு வருது. வெக்கக்கேடு."

"கோணல் மூக்கு. இடது பக்கமா வளைஞ்சிருக்கும்."

"அப்படியா இருந்தான்?"

"அப்படித்தான் இருந்தான். நீதான் அழகன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச."

துன்னா ஈரத்துணியைப் பிழிந்து கூடையில் போட்டாள். "கூப்பிடு, போ. ஆனா நான் தலை வாரிட்டு வர்ற வரைக்கும் பொறு."

பிற்பகலில் ஊர் முழுவதும் வேலியோரம் கூடியது. ஆறு வீட்டுப் பெண்களும் தலை வாரி, பெட்டியின் அடியிலிருந்த ஆடைகளை உடுத்தி வந்திருந்தார்கள். எழுத்தர் பலகையோடு வந்தார். தர்ஸ்தேன் ஒரு கம்பளியைப் போர்த்தி நின்றார். சேவரு உறைபனியில் நடந்து புல்வெளியின் நடுவுக்குப் போனாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது; கூப்பிடப்பட வேண்டியவனுக்கு இருபத்தாறு. "வுல்மார்!" என்று கூப்பிட்டாள்.

ஒரே கயிற்றால் இழுக்கப்பட்டவர்களைப்போல ஏழு பேரும் திரும்பினார்கள். வேலியோரத்தில், "இடது பக்கந்தான்," என்று துன்னா முனகியது எல்லாருக்கும் கேட்டது. வுல்மார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"என்னடி இது, ஒரே ராத்திரியில இப்படி நரைச்சுட்டே? நான் அவ்வளவு மோசமாவா கொறட்டை விட்டேன்?"

அவள் சிரித்தாள், சிரிப்பை நிறுத்தச் சிறிது நேரம் பிடித்தது. எழுத்தர் தும்மிவிட்டு, கேள்வியைக் கேட்கும்படி பாதிரியாருக்குச் சாடை காட்டினார்.

"வுல்மார், இந்தப் புல்வெளி யாரோடது?"

"என்ன சாமி, காலங்காத்தால குடிச்சிட்டீங்களா? இப்பத்தான வெட்டி அவ கையில குடுத்தேன். மண்ணு இன்னும் என் நகத்துல இருக்கு, பாருங்க."

ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராக, கண்டோம், கேட்டோம் என்றார்கள். எழுத்தர் எழுதி முடித்து, மையின் மேல் மணல் தூவினார். ஏழு ஏக்கர் புல்வெளி, அந்த நாளில் சேவரு வைத்திருந்தாள், இப்போதும் வைத்திருக்கிறாள். அதற்குமேல் அவருக்கு அங்கே வேலையில்லை. எனினும் அவர் போகவில்லை. ஏனென்றால் வுல்மார் தேவாலயத்தின் பக்கம் தலையைத் திருப்பி, அனைவரும் அஞ்சியிருந்த கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"மணி எதுக்கு அடிக்குது?"

பாதிரியார் தரையைப் பார்த்தார். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். சேவரு ஒருபோதும் அவனிடம் பொய் சொன்னதில்லை. சொல்லவும் அவளுக்குத் தெரியாது.

"ராசா செத்துப்போயிட்டாரு," என்றாள்.

ஏழு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். புல்நுனிகளிலிருந்து உறைபனி சொட்டத் தொடங்கியது. ஆல்டர் மரங்களின் நிழல் ஒரு விரற்கடை சுருங்கியதைத் தர்ஸ்தேன்தான் முதலில் பார்த்தார்.

"பாவம், நல்ல மனுஷன்," என்றான் வுல்மார். "சரி, அடுத்தது யாரு?"

அவன் என்ன கேட்டான் என்று எழுத்தர் பாதிரியாரிடம் விசாரித்தார். தமக்கு விளங்கவில்லை என்று பாதிரியார் லிவிங் வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னார்.

அந்தப் பிற்பகலில் புல்வெளியில் நண்பகல் வந்தது. பிறகு மாலையும் வந்தது. இருபது ஆண்டுகளாக அங்கே மாலையைக் காணாத தவளைகள் திகைத்துப்போய், இரண்டு நாட்கள் கத்தாமல் இருந்தன. மறுநாள் தர்ஸ்தேனின் ஆடுகள் தின்ற புல் குறைந்தது; குறைவதைப் பார்த்ததும் அவர் ஆடுகளை வேறிடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதே நாளில் புல்வெளியின் எல்லையில், எவரும் நிற்காத இடத்திலிருந்து, பெரும் பிரபு முடிசூடினார் என்று ஒரு குரல் மூன்று முறை கூவியது. ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்த தர்ஸ்தேன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டு நின்றார். இவ்வாறு, எந்த ஏட்டிலும் எழுதப்படாத ஒன்பது மாதங்கள் ஏழு ஏக்கர் பரப்பில் ஒழுங்காக நடக்கத் தொடங்கின; இல்லாமற்போன அரசர் அங்கே இடையூறின்றி ஆண்டார்.

அந்த ஏழு பேரால் வேலியைத் தாண்டி ஊருக்குள் வர முடியவில்லை. பெண்கள்தான் உள்ளே போனார்கள். ஆண்கள் ஓலைக்குடில் ஒன்று கட்டிக்கொண்டார்கள், கால்வாய் வெட்டினார்கள், பெண்கள் கொண்டுபோன ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தின்றுவிட்டு உப்பு போதாது என்றார்கள். குன்றில் நடக்கப்போவதைச் சேவரு இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். அவர்கள் சிரித்தார்கள், ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்த பிறகு சிரிப்பதை விட்டார்கள். அதன்பின் அதைப்பற்றிப் பேசவில்லை. இந்த முறை காலத்தின் அருமை தெரிந்திருந்ததால் ஒரு சொல்லையும் வீணாக்கக் கூடாது என்று சேவரு உறுதி எடுத்திருந்தாள். ஆனால் புல்வெளியில் மார்ச் மாதம் வந்தபோது இருவரும் முன்போலவே பன்றியை விற்பதா வைத்துக்கொள்வதா என்று மூன்று நாட்கள் சண்டை போட்டார்கள். அந்தப் பன்றி செத்துப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் ஆகஸ்ட் மாத அறுவடை நடந்தபோது புல்வெளியின் மேல் மட்டும் அந்தப் பழைய ஆண்டின் வால் நட்சத்திரம் எழுந்தது. களைத்து வந்தவர்கள் முக்காலிகளைப் போட்டு அமர்ந்து, ஏழு நாட்கள் அதைப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது. ஊரில் இலை உதிர்ந்தபோது புல்வெளியில் கோடை வந்தது. ஏழு பேரும் வரிசையாக நின்று புல் அறுத்தார்கள். துன்னா அறுக்கும் வேலையை மேற்பார்வையிட வந்தவள்போல உட்கார்ந்துகொண்டு, ஹார்டிங்கின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் ஜனவரி முடியும் தறுவாயில், புல்வெளியில் அக்டோபர் வந்தது. போருக்கு அழைக்கும் கொம்பு ஆற்றின் பக்கமிருந்து ஒலித்தது. வுல்மார் கோடரியைச் சாணைக்கல்லில் தீட்டினான்.

"போகாம இரேன்," என்றாள் சேவரு. "யாரும் உன்னைக் கேக்கமாட்டாங்க. அந்த ராசாவையே இல்லைன்னு எழுதிட்டாங்க. அவருக்குக் குடுத்த சத்தியம் எங்க நிக்கும்?"

அவன் கோடரியின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"நான் ஏற்கெனவே போயிட்டேனே, சேவரு. இப்ப போகலைன்னா அங்க செத்துக் கெடக்கறது யாரு? அவனைத் தனியா விடச் சொல்றியா?"

முதல் முறை அவன் போனபோது, அவள் ஏதோ கோபத்தில் வழியனுப்ப வரவில்லை. என்ன கோபம் என்பது இருபது ஆண்டுகளில் மறந்துபோயிருந்தது. இம்முறை ரொட்டியை மூட்டையாகக் கட்டி அவன் தோளில் மாட்டினாள்; காலணியின் வாரை இறுக்கிவிட்டாள்; மரக்கதவுவரை கூடவே நடந்தாள். மற்ற ஆறு பெண்களும் அவரவர் கணவரோடு நடந்தார்கள். துன்னா வழி நெடுக ஹார்டிங்கைத் திட்டிக்கொண்டே வந்தாள்; கதவருகே வந்ததும் திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றாள். வுல்மார் சேவருவின் நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, "நான் பாத்திருக்கவே முடியாத வயசு இது. நல்லாத்தான் இருக்கே," என்றான். அக்டோபர் மாத வெயிலிலிருந்து ஏழு பேரும் ஜனவரி மாதப் பனிக்குள் இறங்கினார்கள். இறங்கியதும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பனியில் ஏழு இணைக் காலடிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்துகொண்டு, குன்றின் திசையில் போயின. பாதையில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மாலையில் பெய்த பனி காலடிகளை மூடிற்று.

சேவரு கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினாள். உள்ளே இலையுதிர்காலம் இன்னும் மிச்சமிருந்தது. குடிலைப் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் அறுப்புப் புல் நனையாமல் போர் போட வேண்டியிருந்தது. துன்னா ஒரு கவைக்கோலை எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

அன்றுமுதல் அந்தப் புல்வெளி ஊரைவிட மூன்றரை மாதங்கள் பின்தங்கியே நடந்தது. அதைச் சரிசெய்ய எவரும் முயலவில்லை. ஊரில் மேய்ச்சல் தீர்ந்து மாடுகள் எலும்பு தெரிய நிற்கும் அக்டோபர் இறுதியில், சேவருவின் புல் அறுப்புக்கு முற்றி நிற்கும். அந்தப் புல்லைத் தின்ற மாடுகள் நடுக்குளிரிலும் கோடைப் பால் கறந்தன. ஊரார் செம்புகளோடு வரிசையில் நின்று அதை வாங்கிக் குடித்தார்கள். தர்ஸ்தேனும் ஆளனுப்பி ஒரு குடம் வாங்கினார். அது எந்த அரசரின் கோடை என்று ஒருவரும் கேட்கவில்லை.